காட்டுக்குதிரை அன்னி

ஐக்கிய அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் நெவாடா என்னும் மாநிலம் உள்ளது. மலையும் பாலையும் விரவிய அந்நிலத்தில், கட்டுத்தறியை அறியாத குதிரைகள் மந்தை மந்தையாகத் திரிகின்றன. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஸ்பெயின் நாட்டினர் கடல் கடந்து கொணர்ந்த குதிரைகளும், பின்னர்க் குடியேறியவர் கைவிட்ட குதிரைகளும் கலந்து பெருகிய இனம் இது. இவற்றை மஸ்டாங் என்று அழைப்பர். உடையவரில்லாத விலங்கு என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொல்லின் திரிபே இப்பெயர். பெயருக்கேற்ப அவற்றின் நிலையும் இருந்தது. உடையவரில்லாத உயிருக்காக வழக்காட வருவார் யார்?

அவ்வாறு வந்தவர் வெல்மா ஜான்ஸ்டன் என்னும் அம்மையார். இவர் 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள் ரீனோ நகரிற் பிறந்தார். தந்தையார் ஜோசப் பிரான், பழக்கிய மஸ்டாங்குகளை வண்டியிற் பூட்டிச் சரக்கேற்றிச் செல்லும் தொழிலினர். அவர் கைக்குழந்தையாயிருந்தபோது பெற்றோர் பாலைநிலத்தைக் கடக்க நேர்ந்ததாம். அப்பொழுது மஸ்டாங் பெட்டை ஒன்றன் பாலே குழந்தையின் உயிரைக் காத்தது என்று அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவந்தனர்.

வெல்மாவின் பதினோராம் வயதில் இளம்பிள்ளைவாத நோய் அவரைப் பற்றியது. பல திங்கள் உடல் முழுதும் கட்டுப் போடப்பெற்று மருத்துவமனையிற் கிடந்தார். நோய் நீங்கியது, ஆயினும் முகமும் முதுகும் கோணிவிட்டன. உடன் பயின்ற சிறுவர்கள் அவரைக் கண்டு நகைத்தனர். அந்நகைப்பை அவர் மறந்தாரல்லர். மனிதர் முகம் திருப்பிக்கொண்டபோதும் வீட்டிலிருந்த விலங்குகள் அவரிடம் அன்பாகவே பழகின. வளர்ந்தபின் ரீனோவில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திற் செயலாளராக அமர்ந்தார். சார்லஸ் ஜான்ஸ்டன் என்பவரை மணந்து, நகருக்கு அப்பால் ஒரு பண்ணையில் இல்லறம் நடத்தினார்.

1950-ஆம் ஆண்டில் ஒருநாள் காலை, அலுவலகத்திற்குக் காரிற் செல்லும் வழியில், முன்னே சென்ற லாரியிலிருந்து குருதி ஒழுகுவதைக் கண்டார். அதனைப் பின்தொடர்ந்தார். லாரி ஓர் இறைச்சிக் கொட்டிலில் நின்றது. உள்ளே காட்டுக்குதிரைகள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன, சில குண்டடிபட்டவை, மற்றவற்றின் காலடியில் மிதிபட்டு ஓர் இளங்குதிரை கிடந்தது. ஆகாயவிமானம் தாழப் பறந்து மந்தையை வெருட்டும். மலையிலிருந்து இறங்கி ஓடிவரும் குதிரைகளை லாரிகள் துரத்தும். கனத்த சக்கர டயர் கட்டிய சுருக்குக்கயிறு கழுத்தில் விழ, அதனை இழுத்து இழுத்து அவை சோர்ந்து வீழும். பின்னர் அவை நாய்க்கும் கோழிக்கும் இரையாக விற்கப்படும். இவையனைத்தும் அக்காலச் சட்டத்திற்கு மாறானவை அல்ல.

கால்நடைப் பண்ணையாளரையும் முற்றும் பழித்தல் முறையன்று. பாலைநிலத்திற் புல் அரிது. மேய்ச்சலுக்கு அவர்கள் அரசாங்கத்திற்குக் கட்டணம் செலுத்தினர். கட்டணமின்றி மேயும் குதிரைகள் அவர்கட்குச் சுமையாயின. வெல்மா எதிர்த்தது முதற்கண் கொடுமையையே.

1952-இல் ஸ்டோரி மாவட்டத்தார், விமானங்கொண்டு குதிரை பிடித்தலைத் தடை செய்தனர். 1955-இல் நெவாடா மாநிலமும் அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றிற்று. ஆனால் அம்மாநில நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டது மத்திய அரசாங்கத்திற்கு உரியது. குதிரைகள் திரிந்ததும் பெரும்பாலும் அங்கேதான். மாநிலச் சட்டமோ அந்நிலத்தைத் தொடவில்லை. கோட்டைச் சுவரைக் கட்டி வாயிலைத் திறந்துவிட்டாற்போல ஆயிற்று அது.

எதிர்த்தரப்பினர் அவரைக் காட்டுக்குதிரை அன்னி என்று எள்ளினர். இளமையில் நகைப்பால் வாடிய அவர், இம்முறை அவ்விகழ்ச்சிப் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்தபின், இரவில் அமர்ந்து கடிதங்களைத் தட்டெழுதினார். பள்ளிச் சிறுவர்களும் அவருடன் சேர்ந்து சட்டமன்றத்தார்க்கு எழுதினர். நெவாடாவின் உறுப்பினர் வால்டர் பேரிங் மசோதாவைக் கொணர்ந்தார். 1959-இல் வாஷிங்டன் சென்று, படங்களுடன் குழுவின்முன் அமைதியாகச் சான்று கூறினார் அம்மையார். அவ்வாண்டு செப்டம்பரில் அது சட்டமாயிற்று. பொதுநிலத்தில் விமானமும் மோட்டார் வண்டியுங்கொண்டு காட்டுக்குதிரைகளையும் கழுதைகளையும் வேட்டையாடுதலும், அவற்றைப் பிடிக்க நீர்நிலைகளை நஞ்சாக்குதலும் குற்றமாயின. மக்கள் அதனை அவர் பெயராலேயே வழங்கினர்.

எனினும் அச்சட்டம் கருவியைத் தடுத்ததேயன்றிச் செயலைத் தடுக்கவில்லை. குதிரைகளைக் காக்கும் கடமையையும் எவர்மீதும் சுமத்தவில்லை. இக்குறையை உணர்ந்த வெல்மா மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் போராடினார். இடையில் 1964-இல் கணவர் மறைந்தார். சிறுவர்களின் கடிதங்கள் மீண்டும் சட்டமன்றத்தில் குவிந்தன. 1971 டிசம்பரில், எதிர்ப்பின்றி நிறைவேறிய புதிய சட்டத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் ஒப்பமிட்டார். காட்டுக்குதிரைகளையும் கழுதைகளையும் பொதுநிலத்திற் காக்கும் பொறுப்பு அரசாங்கத்தின்மேல் வந்தது. கொல்வோர்க்கு 2,000 டாலர் வரை தண்டமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்பட்டன. அளவுக்கு மிஞ்சிப் பெருகிய குதிரைகளை அகற்றுதற்கும் அச்சட்டம் இடந்தந்தது.

நியூ மெக்ஸிகோ மாநிலம் இச்சட்டம் செல்லாது என்று வழக்கிட்டது. 1976 ஜூனில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துச் சட்டத்தை நிலைநாட்டினர். அவ்வாண்டின் இறுதிக்குள் வேறொரு சட்டம், குதிரைகளைத் திரட்ட ஹெலிகாப்டரைப் பயன்படுத்தும் உரிமையை அரசாங்கத்திற்கு அளித்தது. வெல்மா புற்றுநோயால் நலிந்தார். 1977-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அவர் காலமானார். நெவாடா மலைகளில் குதிரைகள் இன்றும் திரிகின்றன. அவற்றைத் திரட்டும் ஹெலிகாப்டர்களும் அங்கே பறக்கின்றன. அவை பறக்கலாமா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை.