பனித்துளிக்குள் தலைகீழாகத் தெரியும் பூ... வயதான காலத்தில் சர் சி.வி.ராமன் ஆராய்ந்ததும் பூக்களைத்தான்!

மார்கழி விடியற்காலையில மங்கலம்பேட்டை பக்கம் வயலுக்குப் போய், செல்போன்ல மேக்ரோ மோடு போட்டு ஒரு பனித்துளியை எடுத்துப் பாருங்க. பின்னால இருக்கும் பூ, துளிக்குள்ள குட்டியா தலைகீழா தெரியும். உருண்ட நீர்த்துளி ஒளியை வளைப்பதால் அதுவே ஒரு லென்ஸ்!

இந்த ஒளி விளையாட்டுக்காக அரசு வேலையையே உதறியவர் சி.வி.ராமன். 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். 1907-ல் கொல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. ஆபீஸ் நேரம் போக, காலையும் மாலையும் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தார். 1917-ல் வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். நம்ம வீட்டில் சம்மதிப்பாங்களா?

1921-ல் கப்பல் பயணம். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடல. வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமல்ல, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்த வழியில் போனதுதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு.

பலருக்கும் தெரியாதது அடுத்த கட்டம்தான். 1948-ல் பெங்களூரில் சொந்த ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 70 வயதைத் தாண்டிய பிறகு, ரோஜா முதலான பூக்களைக் கையில் எடுத்தார். இதழ் எந்த நிற ஒளியை விழுங்குது, எதை விடுது, நம்ம கண் அதை எப்படி உணருது? இதே வேலைதான். 1968-ல் பார்வை பற்றி புத்தகமே போட்டார். அந்தக் கருத்துகளை விஞ்ஞானிகள் பெரிதாக ஏற்கவில்லை. மனுஷன் அசரல.

1970 நவம்பர் 21-ல் காலமானார். உடல் தகனம் செய்யப்பட்டது, அவருடைய ஆய்வு நிறுவனத் தோட்டத்திலேயே.