யார் இந்த டாமி டக்ளஸ்? கனடாவின் மருத்துவக் காப்பீடு உருவான கதை

டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். டாக்டரைப் பார்க்கப் போனால் ஹெல்த் கார்டை நீட்டுவார், பில் வராது. இந்த ஏற்பாடு தொடங்கியது டொராண்டோவில் இல்லை. கோதுமை வயல்களைத் தவிர பெரிதாக எதுவும் இல்லாத சஸ்காட்செவன் மாகாணத்தில். தொடங்கியவர் டாமி டக்ளஸ்.

1904-ல் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் பிறந்தவர். சின்ன வயதில் விழுந்து முழங்காலில் அடி, பிறகு எலும்பில் சீழ். குடும்பம் கனடாவின் வின்னிபெக்குக்கு வந்த பிறகும் குணமாகவில்லை. காலை எடுத்துவிடலாம் என்றார்கள். அங்கே வந்த ஓர் எலும்பு சர்ஜன், மாணவர்கள் பார்த்துப் படிக்கலாம் என்ற நிபந்தனையோடு இலவசமாக ஆபரேஷன் செய்தார். கால் பிழைத்தது. அந்த டாக்டர் வராமல் போயிருந்தால்? இந்தக் கேள்வி டக்ளஸை கடைசி வரை விடவில்லை.

வளர்ந்து பாதிரியார் ஆனார். 1930-களின் பஞ்சத்தில் வெய்பர்ன் ஊரில் சபை நடத்தியபோது, மருத்துவத்துக்குக் காசில்லாத குடும்பங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அரசியலுக்கு வந்தது அதனால்தான். 1935-ல் எம்.பி., 1944-ல் மாகாண பிரீமியர், அதாவது நம்ம ஊர் முதல்வர் மாதிரி.

இதில் ஒரு கறையும் உண்டு. 1933-ல் எழுதிய முதுகலை ஆய்வில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்ற யோசனையை ஆதரித்திருந்தார். ஆட்சிக்கு வந்தபோது அந்த யோசனையைக் கைவிட்டிருந்தார். அப்படி ஒரு சட்டமும் கொண்டுவரவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை

பிரீமியர் ஆனதும் சுகாதாரத் துறையைத் தானே வைத்துக்கொண்டார். முதல் வேலை கணக்கெடுப்பு. மருத்துவ வரலாற்று அறிஞர் ஹென்றி சிகரிஸ்ட் வரவழைக்கப்பட்டு, மாகாணத்தில் என்ன இருக்கு, என்ன இல்லை என்று சில வாரங்களில் அறிக்கை தந்தார். அதன் பிறகு படிப்படியாகப் போனார்கள். முதலில் முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு இலவச சிகிச்சை. 1946-ல் ஸ்விஃப்ட் கரண்ட் பகுதியில் மட்டும் டாக்டர் செலவையும் சேர்த்த திட்டம். இன்றைய மொழியில் சொன்னால் பைலட். 1947 ஜனவரி 1-ல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு.

பிரீமியம் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 டாலர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 30. கட்டாயம் என்பதால் ஆரோக்கியமானவர்களும் உள்ளே வந்தார்கள். நோயாளிகள் மட்டும் சேரும் காப்பீடு சீக்கிரம் திவாலாகும் என்பது எந்த இன்சூரன்ஸ் ஊழியருக்கும் தெரியும். ஆனால் கார்டு கொடுத்தால் போதுமா? படுக்கை வேண்டுமே. அதனால் புதிய மருத்துவமனைகள் கட்ட அரசு மானியமும் கொடுத்தது.

செலவு ஏறத்தான் செய்தது. பிரீமியத்தைக் கூட்டினார்கள், விற்பனை வரியில் ஒரு பங்கையும் இதற்குத் திருப்பினார்கள். பொருளாதாரத் திட்டமிடலுக்கென்று ஒரு குழுவும் இருந்தது. அதன் தலைவர் ஜார்ஜ் கேட்பரி. ஆமாம், அந்த சாக்லேட் கம்பெனி குடும்பத்துக்காரர்தான்! பட்ஜெட்டைத் துறை துறையாக அலச தனிப் பிரிவும் வந்தது. கடன் வாங்கி வாக்குறுதி கொடுப்பதில் டக்ளஸுக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர் ஃபீஸையும் அரசே ஏற்கும் அடுத்த கட்டம் 12 ஆண்டுகள் காத்திருந்தது. மருத்துவமனைச் செலவில் பங்கு தர 1957-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. அதில் மிச்சமான பணம்தான் கதவைத் திறந்தது.

தவறிய கணக்கு

1959-ல் திட்டத்தை அறிவித்தபோது ஐந்து கொள்கைகளைச் சொன்னார். அதில் ஒன்று, மக்களும் டாக்டர்களும் இருவருமே ஏற்க வேண்டும் என்பது. மக்கள் ஏற்றார்கள், 1960 தேர்தலில் ஜெயித்தார். டாக்டர்கள் ஏற்கவில்லை. அரசு ஊழியர் ஆகிவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு. பணத்தையும் படுக்கையையும் அவ்வளவு கவனமாகத் திட்டமிட்டவர், இந்த எதிர்ப்பைக் குறைத்து மதிப்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1961-ல் அவர் தேசிய அரசியலுக்குப் போய்விட, சிக்கல் அடுத்த பிரீமியர் வுட்ரோ லாய்டின் தலையில் விழுந்தது. 1962 ஜூலை 1-ல் திட்டம் தொடங்கிய அன்றே டாக்டர்கள் ஸ்ட்ரைக். பிரிட்டனிலிருந்து டாக்டர்களை வரவழைத்தார்கள். 23 நாள் கழித்து சமரசம்: டாக்டர்கள் சொந்தமாகத் தொழில் செய்யலாம், செய்த சிகிச்சைக்கு அரசு காப்பீடு பணம் தரும். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான், ஜூன் மாத மத்திய தேர்தலில் ரெஜைனா தொகுதியில் டக்ளஸ் தோற்றிருந்தார்.

1964-ல் அவர் கட்சி மாகாண ஆட்சியையும் இழந்தது. ஆனால் அடுத்து வந்த அரசு திட்டத்தை ஒழிக்கவில்லை. 1966-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

டக்ளஸ் 1986 பிப்ரவரி 24-ல் இறந்தார். 2004-ல் சிபிசி தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில், மிகச் சிறந்த கனடியராக மக்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.