அன்னை மீனாம்பாள் சிவராஜ்

பெண் மேடையேறுவதே பழியென எண்ணப்பட்ட காலம் அது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணுக்கோ தடை இருமடங்கு. 1904-ஆம் ஆண்டு இரங்கூனில் பிறந்த மீனாம்பாள் அம்மையார் அவ்விரண்டையும் தாண்டியவர். 1928-இல் சைமன் குழுவைப் புறக்கணிக்கக் காங்கிரசார் முழங்கியபோது, நம் மக்களின் குறைகேட்க வருவோரை வரவேற்பதே முறையென வாதிட்டார். அதுவே அவரது கன்னிப்பேச்சு.

1938 நவம்பர் 13-இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டத்தை அளித்தது. பட்டம் நாடறிந்தது, அதனை வழங்கிய மகளிருள் முன்நின்ற ஆதிதிராவிடப் பெண்மணி இவரென்பதை நம் திண்டிவனத்து இளைஞருள் எத்துணைப் பேர் அறிவர்?

1944-இல் சென்னையில் நடந்த அட்டவணை வகுப்பினர் பெண்கள் மாநாட்டிற்கும் இவரே தலைமை. 1992-இல் மறைந்த இவரைத் தங்கையாகவே கொண்டிருந்தார் அண்ணல் அம்பேத்கர். பம்பாயில் தம் இல்லத்திற்கு விருந்தாக வந்தபோது, அண்ணலே அடுப்படியில் நின்று சமைத்துப் பரிமாறினார்.