கண்ணொளி ஈந்த ரிட்லி

பொறிகள் ஐந்தனுள் கண்ணே தலையாயது. அக்கண்ணின் பாவைக்குப் பின்னால் பளிங்கு போன்ற வில்லை ஒன்று உளது. முதுமையில் அது கலங்கி ஒளியைத் தடுப்பதே கண்புரை எனப்படும். முன்னாளில் மருத்துவர் கலங்கிய வில்லையை அகற்றுவர். ஆயின், அவ்விடத்தில் வேறொன்றை அமைக்கும் வகை அறியார். நோயாளரோ தடித்த மூக்குக்கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிந்து இடருற்றனர். இக்குறை தீர வழி கண்டவர் ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர்.

ரிட்லி, இங்கிலாந்திலுள்ள லெஸ்டர்ஷயரில் 1906ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். அவர்தம் தந்தையாரும் கண் மருத்துவரே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலும் பயின்ற ரிட்லி, தந்தையின் தொழிலையே தமதாகக் கொண்டார். 1938இல் புகழ்வாய்ந்த மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக அமர்ந்தார்.

அப்பொழுது இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940இல் இங்கிலாந்தின் வானில் கடும்போர் நிகழ்ந்தது. பகைவர் குண்டுபட்டு விமான மூடிகள் சிதறவே, அவற்றின் துணுக்குகள் விமானிகளின் கண்களிற் பாய்ந்தன. அம்மூடிகள் பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வேற்றுப்பொருள் புகுந்த கண் சிவந்து வீங்குதல் இயல்பு. இத்துணுக்குகளோ பல காலம் கண்ணுள் தங்கியும் தீங்கு செய்யாதிருந்தன. இதனை ரிட்லி கூர்ந்து நோக்கி நெஞ்சிற் பதித்துக்கொண்டார்.

போர் முடிந்தபின், 1948இல், அவர் புரையை அகற்றுவதை மாணவர் ஒருவர் கண்டார். பழுதான வில்லையை எடுத்தபின் புதியதொன்றை வைக்கலாகாதோ என்று அவர் வினவினார். இளைஞர்தம் வினா என்று ரிட்லி அதனை இகழ்ந்தாரல்லர். முன்னர்க் கண்ட உண்மையும் அவ்வினாவும் அவருள்ளத்தில் ஒன்றாயின. ரேய்னர் என்னும் நிறுவனத்தாரைக் கொண்டு தூய பெர்ஸ்பெக்ஸில் வில்லை செய்வித்தார். 1949ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், மாதொருவர் கண்ணில் முதன்முதலாக இச்சிகிச்சையைத் தொடங்கினார்.

பயன் உறுதிப்படும்வரை இதனை வெளியிடலாகாது என்பது அவர் கருத்து. ஆனால், நோயாளர் ஒருவர் பெயர் மயக்கத்தால் ரிட்லி என்னும் வேறொரு மருத்துவரிடம் செல்லவே, மறைபொருள் வெளிப்பட்டது. 1951இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய கண் மருத்துவர் பேரவையில் ரிட்லி தம் முறையை விளக்கினார். அவையினர் பலர் அதனை ஏற்றிலர். கண்ணிற் புகுந்த வேற்றுப்பொருளை எடுப்பதன்றோ மருத்துவர் கடமை, அதனைத் தாமே வைப்பது தகுமோ எனப் பழித்தனர். அவர் செய்த வில்லையில் குறையும் இல்லாமலில்லை. முதல் வில்லையின் திறன் அளவு பிழைத்தது. பின்னர்ப் பொருத்தியவற்றுட் சில இடம் பெயர்ந்தன. சில கண்கள் வீக்கமுற்றன. குறைகளை மறையாது திருத்த முயன்றாரேயன்றி, அவர் கொள்கையைக் கைவிட்டாரல்லர். 1966இல் ஒத்த கருத்துடையாருடன் கூடி உலகக் கழகம் ஒன்று நிறுவினார். பிறரும் வில்லையின் வடிவைத் திருத்திச் செம்மை செய்தனர்.

காலம் அவருக்குச் சான்று பகர்ந்தது. 1981இல் அமெரிக்க அரசு செயற்கை வில்லைக்கு ஒப்புதல் அளித்தது. 1986இல் ரிட்லி இங்கிலாந்தின் ராயல் கழக உறுப்பினரானார். முதுமையில் தாமும் புரையால் வருந்தியபோது, தாம் கண்ட முறையாலேயே பார்வை பெற்றார். 2000ஆம் ஆண்டில், தம் 93ஆம் அகவையில், சர் பட்டம் எய்தினார். 2001ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் இவ்வுலகு நீத்தார்.

1992 முதல் நம் மதுரை நகரிலும் இவ்வில்லைகள் செய்யப்பெற்று, எளியோர்க்கும் எட்டும் விலையிற் கிடைக்கின்றன. மருத்துவமனைகள் தாம் செய்யும் அறுவைகளை எண்ணிட்டுப் பதிவுசெய்யும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில், புரை நீக்கி வில்லை பொருத்தும் வழக்கமான அறுவைக்கு உரிய எண் 66984. ஒருகாலத்தில் மறைவாகச் செய்து, வெளிப்பட்டபின் பழிக்கப்பட்ட செயல், இன்று பதிவேட்டில் நாள்தோறும் எழுதப்படும் எண்ணாயிற்று. கண்டதை ஆராய்ந்து, சிறியோர் வினாவையும் மதித்து, பழிக்கு அஞ்சாது உழைப்போர் முயற்சி ஒருநாள் உலகிற்கு உரியதாகும் என்பதற்கு ரிட்லியின் வாழ்வே சான்றாகும்.