டாக்காவில் சுழன்ற படிகம்

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று தேசிய அறிவியல் நாளில் சர் சி.வி. இராமனைப் போற்றுகிறோம். உடன் ஒரு வரியில் கே.எஸ். கிருஷ்ணனின் பெயரும் வந்து போகும். நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்று ஆதங்கப்படுவோர் நம்மிடையே உண்டு. பொருளாதாரம் பயின்ற எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி இல்லை. ஆனால், அந்த ஆதங்கமே கிருஷ்ணனைச் சிறியவராக்கிவிடுகிறது என்று எண்ணுகிறேன். 1928-க்குப் பிறகு அவர் ஆற்றிய பெரும்பணியை அது நம் கண்ணிலிருந்து மறைக்கிறது.

வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என வளர்ந்து, பின்னதில் வேதியியல் செய்முறைப் பயிற்றுநராகவும் இருந்தார். பிறகு கொல்கத்தா சென்று, 1923-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனிடம் சேர்ந்தார்.

ஒளிச்சிதறலே அங்கு முதன்மை ஆய்வு. எனினும், கிருஷ்ணனின் பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது அதையொட்டிய மற்றொரு கேள்வி. பென்சீன் போன்ற திரவத்தை வலிய காந்தப்புலத்தில் வைத்தால் அது ஒளியை இரட்டையாக விலக்குகிறது. மூலக்கூறின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதால், புலத்தில் அது சற்றே ஒருபுறமாகச் சாய்கிறது என்பதே காரணம். இராமனும் கிருஷ்ணனும் 1927-இல் இதற்கான கோட்பாட்டை வகுத்தனர். ஆனால், திரவத்தில் மூலக்கூறுகள் தாறுமாறாக அலைவதால் சராசரி மட்டுமே கிட்டும். (சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு அல்லல்படும் துன்பத்தைப் பொருளாதாரத்தார் நன்கறிவோம்.) படிகத்திலோ மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே படிகத்தை அளக்க வேண்டும்.

இராமன் விளைவு வெளியான அதே 1928-இன் இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். 1921-இல் தொடங்கப்பட்ட இளம் பல்கலைக்கழகம் அது. சத்யேந்திரநாத் போஸ் அங்கு இருந்தார். புகழ் கொல்கத்தாவில் குவிந்துகொண்டிருந்த வேளையில் அவர் அங்கிருந்து கிளம்பியதை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு.

டாக்காவில் அவர் கையாண்ட முறை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகம் ஒன்றைக் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிடுவார். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்குவார். படிகம் தனக்குகந்த திசையை விடாமல் முறுக்கை எதிர்த்து நிற்கும். ஏறத்தாழ 45 பாகை விலகியதும், தாங்க மாட்டாமல் சட்டெனச் சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் இழை எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்பதிலிருந்து, படிகத்தின் காந்தப் பண்பு இரு திசைகளில் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வேண்டுவன பொறுமையும் குறையற்ற படிகமும் மட்டுமே.

பயன் பெரிது. பாச்சை உருண்டையாக நாமறிந்த நாஃப்தலீனின் படிகத்தில் தட்டையான மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அமர்ந்துள்ளன என்பதைக் காந்த அளவீட்டைக் கொண்டே கூற முடிந்தது. எக்ஸ் கதிர் ஆய்வுக்கு அது துணையாயிற்று. பென்சில் கரியான கிராஃபைட், அதன் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை மிக வலுவாக விலக்குகிறது என்பதையும் அவரது அளவீடுகள் துல்லியமாகக் காட்டின. காந்தத்தால் ஈர்க்கப்படும் உப்புகளையும் அவர் விடவில்லை. ஓர் உலோக அயனியைச் சுற்றி நிற்கும் அணுக்கள் அதன்மீது செலுத்தும் மின்புலத்தின் சாயலை அந்த அளவீடுகள் வெளிப்படுத்தின. வான் விளெக் போன்றோர் கோட்பாட்டளவில் கூறிவந்தவற்றை ஆய்வுமேசையில் சோதிக்க அவை உதவின.

படிகக் காந்தவியல் பற்றிய அவரது முதல் பெரிய கட்டுரையை 1933-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் வெளியிட்டது. கிருஷ்ணனின் பெயரையடுத்து குஹா, பானர்ஜி எனும் இரு உடனாய்வாளர்களின் பெயர்கள் அதில் உள்ளன. இன்னொருவர் பெயருக்குப் பின்னே நின்றவராகவே நாம் நினைவில் வைத்திருக்கும் மனிதர், ஐந்தாண்டுகளில் தமக்கென ஒரு ஆய்வுமரபைத் தோற்றுவித்திருந்தார். படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேல் 1936-இல் அவருடன் இணைந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

1933-இல் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கொல்கத்தா திரும்பினார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-இல் அலகாபாத் பேராசிரியர், 1946-இல் சர் பட்டம். 1947-இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அப்பதவியின் கோப்புகள் அவருடைய ஆய்வு நேரத்தைத் தின்றன என்றே கருதுகிறேன். பதவி உயர உயர ஆய்வாளன் தேய்வது நம் நிறுவனங்களில் புதிதன்று. ஆயினும் அவர் ஆய்வை முற்றாகக் கைவிடவில்லை. மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கம்பியில் வெப்பநிலை இடத்துக்கிடம் எவ்வாறு மாறுகிறது என்று தில்லியில் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். 1961 ஜூன் மாதம், இயக்குநர் பொறுப்பில் இருக்கும்போதே காலமானார்.