எம்.சி.ராஜா: மூன்று அவைகள் கண்ட பரங்கிமலைக்காரர்

தாம்பரம் – கடற்கரை ரயில் பாதையில் இருக்கும் பரங்கிமலையில் 1883 ஜூன் 17 அன்று பிறந்தவர் எம்.சி.ராஜா. மயிலை சின்னத்தம்பி ராஜா என்பது முழுப்பெயர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்கல்லூரி அப்போது தாம்பரத்துக்கு வரவில்லை; பாரிமுனைப் பகுதியில் இருந்தது. ஆசிரியராகப் பணியாற்றினார், பாடநூல்கள் எழுதினார். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார்.

நாடாளுமன்ற ஆட்சி முறை, அதிபர் ஆட்சி முறை என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அரசு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அது ஒடுக்கப்பட்டோர் வாழ்வை எப்படித் தொடுகிறது என்பதை ராஜாவின் வாழ்க்கை காட்டுகிறது.

முதலில் அவர் இடம்பெற்றது, 1920இல் தொடங்கிய இரட்டை ஆட்சிக் காலத்துச் சென்னை சட்டசபையில். கல்வி, சுகாதாரம் போன்ற துறைகள் சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சர்களிடம் இருந்தன. காவல், நிதி போன்றவை ஆளுநரின் பிடியில் இருந்தன. தாழ்த்தப்பட்டோருக்குத் தேர்தல் வழி இடம் கிடையாது, நியமனம்தான். அந்த நிலையிலும் இழிவாக வழங்கப்பட்ட பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம் அவரது முயற்சியால் 1922இல் வந்தது. ஆளும் நீதிக்கட்சியில் இருந்தவர், 1921 புளியந்தோப்பு மோதல்களை அடுத்து அக்கட்சியுடன் முரண்பட்டு 1923இல் வெளியேறினார்.

அடுத்து டெல்லி. 1927 முதல் 1937 வரை மத்திய சட்டசபை உறுப்பினர். அங்கே கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். அரசை மாற்ற முடியாது. வைசிராயின் நிர்வாகக் குழு அவைக்குக் கட்டுப்பட்டதல்ல. மக்கள் தேர்ந்தெடுக்காத, அவையாலும் நீக்க முடியாத ஆட்சி அது.

1932இல் தனித்தொகுதி கேட்ட அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருக்கு மாறாக, இட ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத்தொகுதியை ராஜா ஆதரித்தார். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். அதன்படி சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 30 தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன.

1937 தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றும், ஆளுநரிடம் உறுதிமொழி கேட்டு ஆட்சியமைக்க மறுத்தது. ஏப்ரல் 1 அன்று கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை அமைந்தது. ராஜா வளர்ச்சித் துறை அமைச்சரானார். ஆனால், அவையில் பெரும்பான்மை இல்லாத அமைச்சரவை அது. காங்கிரஸ் மனம் மாறியதும் ஜூலை 14 அன்று ராஜாஜி பொறுப்பேற்றார். மூன்றரை மாதத்தில் ராஜாவின் பதவி முடிந்தது. அமைச்சர் நாற்காலியைத் தாங்குவது அவையின் எண்ணிக்கை.

1938இல் எதிர்வரிசையில் இருந்தபடி அவர் கொண்டுவந்த சமூகத் தடைகள் நீக்க மசோதா சட்டமானது. பொதுச் சாலை, கிணறு போன்றவற்றில் தீண்டாமை காட்டுவது சட்டவிரோதமாயிற்று. அரசு ஆதரித்ததால் அது நிறைவேறியது. அதே ஆண்டு மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தபோது, திரும்பப் பெறும்படி ராஜாஜி கேட்டுக்கொண்டார். ராஜா மறுத்தார். மசோதா தோற்றது. ஒதுக்கப்பட்ட இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸே வென்றிருந்தது. அந்த உறுப்பினர்களும் கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தனர். அரசு மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கூட்டுத்தொகுதியை ஆதரித்த ராஜாவுக்கே அதன் விலை தெரிந்த நாள் அது.

அதிபர் முறை என்றால் வேறாக இருந்திருக்குமா? அமெரிக்காவில் அதிபரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு என்பது உறுதி. மசோதா தோற்றாலும் ஆட்சி கவிழாது. அதனால் உறுப்பினர்கள் கட்சி கடந்து வாக்களிக்க முடிகிறது. 1964இல் கறுப்பின மக்களுக்கான குடிசார் உரிமைகள் சட்டத்தை அதிபர் ஜான்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த தென்மாநில உறுப்பினர்கள் எதிர்த்தனர். எதிர்க்கட்சியினரின் ஆதரவோடு அது நிறைவேறியது. ஆனால் அதே சுதந்திரம்தான், அதற்கு முன் பல பத்தாண்டுகள் அத்தகைய சட்டங்களைத் தென்மாநிலத்தார் முடக்கவும் உதவியது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதை விளக்கினார். அதிபர் முறை நிலைத்தன்மை தரும்; நாடாளுமன்ற முறையில் கேள்விகள், ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வழியாக அரசை அன்றாடம் பொறுப்புக்கு உட்படுத்தலாம். அந்தப் பொறுப்பே மேல் என்று வரைவுச் சட்டம் நாடாளுமன்ற முறையைத் தேர்ந்தது.

அதைப் பார்க்க ராஜா இல்லை. 1943 ஆகஸ்டில் காலமானார். மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் ஒன்று 1947இல் வந்தது.

இன்று தமிழகச் சட்டப்பேரவையில் பட்டியலினத்தாருக்கு 44 தனித்தொகுதிகள். நம் மாவட்டத்தில் செய்யூரும் மதுராந்தகமும் அவற்றில் அடக்கம். 1985 முதல் கட்சித்தாவல் தடைச் சட்டமும் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஆனால் கேள்வி கேட்கவோ, ராஜாவைப் போலத் தனிநபர் மசோதா கொண்டுவரவோ எந்தச் சட்டமும் தடை போடவில்லை. வாக்குக் கேட்டு வருகிறவரிடம், அவையில் எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று நாம் கேட்கலாம்.