ஸ்ரீ சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையில் தந்தையாரிடம் தமிழ் நூல்களைக் கற்றார். பின்னர் வட்டுக்கோட்டை அமெரிக்க மிஷன் செமினரியிற் சேர்ந்து ஆங்கிலமும் கணிதமும் பயின்றார். 1855இல் அக்கலாசாலை மூடப்பட்டது. ஆயினும் ஆங்குப் பெற்ற கல்வி வீண்போகவில்லை. சென்னைச் சர்வகலாசாலை முதன்முதல் நடத்திய பி. ஏ. பரீக்ஷையில் தேறியோர் இருவரே. ஒருவர் இவர், மற்றவர் வட்டுக்கோட்டையில் இவருக்கு ஆசிரியராயிருந்த விசுவநாத பிள்ளையவர்கள். மாணாக்கரோடு ஒருங்கமர்ந்து பரீக்ஷை எழுத அவ்வாசிரியர் நாணினாரல்லர்!

ஆங்கிலக் கல்வி இவருக்கு அரசாங்க உத்தியோகத்தையும், பிற்காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவியையும் அளித்தது. இளமையிற் கற்ற தமிழோ, செல்லரித்து அழியவிருந்த ஏடுகளைத் தேடிக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றும் பேற்றை அளித்தது. 1901இல் காலமானார்.

உயர்தரப் பள்ளி மாணவர்காள்! உத்தியோகத்துக்குரிய கல்வியைத் தேடுங்கால், மற்றைக் கல்வியைக் கைவிடாதீர்.